குரோமிலிருந்து ஃபயர்பாக்ஸ் வந்தாச்சு, ஆனால் புக்மார்க்கில் தமிழ்த் தலைப்பெல்லாம் கேள்விக்குறி

தேனிக்காரன்

குரோமில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் வேலை செய்யாமல் போனதும் ஃபயர்பாக்ஸுக்கு வந்துவிட்டேன். விளம்பரத் தொல்லை ஒழிந்தது, அதைப் பற்றிப் பேச வரவில்லை. பிரச்சினை புக்மார்க்கில்தான்.

என்னுடைய சொந்த புக்மார்க் எல்லாம் மெனுவில் இருக்கும் இம்போர்ட் வழியாகவே ஃபோல்டரோடு சுத்தமாக வந்துவிட்டது. இன்னொரு மூட்டை சித்தப்பாவுடையது. தமிழ் வலைப்பூ, இலக்கியம், ஊர் வரலாறு என்று பல வருடமாகச் சேர்த்தவை, இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும். அவருடைய பழைய கணினியிலிருந்து யாரோ ஒருவர் எச்டிஎம்எல் கோப்பாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதை இறக்கினால் ஃபோல்டர்கள் சரியாக இருக்கின்றன, ஆங்கிலத் தலைப்பும் சரியாக இருக்கிறது, தமிழ்த் தலைப்பு மட்டும் முழுக்கக் கேள்விக்குறி. அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க் இப்போது உயிரோடு இல்லை, இந்தக் கோப்பு ஒன்றுதான் மிச்சம்.

ஃபயர்பாக்ஸ் தமிழைக் கெடுக்கிறதா? விவால்டி பிரவுசர் போட்டால் சரியாக வருமா?

கட்டளைவரி

முதலில் ஒன்று சொல்லுங்கள். வெறும் கேள்விக்குறியா, அல்லது தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உம் மாறி மாறி வருகிறதா? இரண்டும் வேறு வேறு நோய்.

தேனிக்காரன்

வெறும் கேள்விக்குறிதான் அண்ணா. "????? ??????????" இப்படி.

கட்டளைவரி

அப்படியென்றால் ஃபயர்பாக்ஸ் மேல் பழி இல்லை, கோப்பே அப்படித்தான் இருக்கும். வலது கிளிக் செய்து ஏதாவது டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள், அங்கேயும் கேள்விக்குறிதான் தெரியும். விவால்டி, பிரேவ், எட்ஜ், எதில் இறக்கினாலும் இதே கதி.

நடந்தது என்னவாக இருக்கும் என்றால், பிரவுசர் அந்தக் கோப்பை எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒழுங்காகத்தான் எழுதிக் கொடுத்திருக்கும். பிறகு யாரோ நோட்பேடில் திறந்து எதையோ திருத்தி ஆன்சி என்ற பழைய குறியாக்க முறையில் சேமித்திருக்கிறார்கள். விண்டோஸ் 10-இன் 2019 பதிப்பு ஒன்றில்தான் நோட்பேடின் இயல்பு முறை யூடிஎஃப்-8 ஆனது, அதற்கு முன்பு ஆன்சிதான். யூனிகோட் எழுத்துகள் போய்விடும் என்று ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும், யார் படிக்கிறார்கள், ஓகே கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆன்சியில் தமிழுக்கு இடமே கிடையாது. அதனால் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் (யூனிகோடில் தனி எண் உள்ள எழுத்துத் துண்டு) ஒரு கேள்விக்குறி போட்டு மூடிவிடும். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீட்டுப் புள்ளிகள், எனவே ஐந்து கேள்விக்குறி. எந்த எழுத்து இருந்தது என்ற தகவல் அந்த இடத்தில் சுத்தமாகப் போய்விட்டது.

நான் கேட்ட அந்த ஏ-ஆர் கோலம் என்றால் கவலையே இல்லை. யூடிஎஃப்-8-இல் பெரும்பாலான தமிழ் எழுத்துகளின் முதல் இரண்டு பைட்டுகள் ஒன்றேதான், அதைத் தவறான குறியாக்கத்தில் படிக்கும்போது அந்த ஏ-யும் வட்ட ஆரும் திரும்பத் திரும்பத் தெரிகின்றன. தகவல் பத்திரமாக உள்ளே இருக்கும், திருப்பிவிடலாம். உங்களுக்கு வாய்த்தது மோசமான வகை.

நெட்டிசன்80

இதுக்குத்தான் சொல்றது, பேசாம குரோமிலேயே கூகுள் கணக்கில் போட்டு வைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை. கோப்பு, எச்டிஎம்எல் என்று இன்னும் 90-களிலேயே இருக்கிறீர்கள்.

பழைய ஓப்பரா ஆள்

நெட்டிசன் சார், அடுத்தவர் வீட்டுப் பரணில் சாமான் போட்டு வைத்த கதைகளை வரிசையாகச் சொல்லட்டுமா? டெலீஷியஸ், இணையத்தில் புக்மார்க் சேமிக்கும் சேவை, 2003-இல் வந்தது, 2005-இல் யாஹூ வாங்கியது, கை மாறி மாறிக் கடைசியில் 2017-இல் அதே வகைச் சேவையான பின்போர்டு வாங்கி, புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி நிறுத்தியது. எக்ஸ்மார்க்ஸ், 2018 மே மாதம் மூடினார்கள். கூகுள் புக்மார்க்ஸ் என்றே தனியாக ஒரு சேவை இருந்தது, 2021 செப்டம்பரோடு சரி. பாக்கெட், 2025 ஜூலை. அப்போதெல்லாம் கையில் கோப்பு வைத்திருந்தவன் அடுத்த இடத்துக்குப் போனான்.

90-களின் கோப்பு என்பதுதான் அதன் பெருமையே. தேனிக்காரன், அந்தக் கோப்பின் முதல் வரியைப் பாருங்கள், நெட்ஸ்கேப் என்ற பெயர் இருக்கும். அந்த நிறுவனத்தின் பிரவுசர் 1994-இல் வந்தது, 2008 மார்ச்சோடு ஆதரவும் நின்றுபோனது. ஆனால் இன்று குரோமில் எக்ஸ்போர்ட் கொடுத்தாலும் ஃபயர்பாக்ஸில் கொடுத்தாலும் அந்தப் பெயர்தான் முதல் வரியில் வரும். அதற்குக் கீழேயே "இது தானாக உருவான கோப்பு, திருத்தாதே" என்று கொட்டை எழுத்தில் ஒரு குறிப்பு. அதையும் மீறித்தான் யாரோ நோட்பேடில் கை வைத்திருக்கிறார்.

விவால்டி பற்றிக் கேட்டீர்கள், நான் தினமும் அதில்தான் இருக்கிறேன். ஓப்பராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான யோன் ஃபான் டெட்ஸ்னர் ஆரம்பித்தது, 1.0 பதிப்பு 2016 ஏப்ரலில் வந்தது. இது பிறந்த காரணமே கிட்டத்தட்ட புக்மார்க்தான் என்று சொல்லலாம். 2013-இல் ஓப்பரா தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டு குரோமியத்துக்கு மாறி 15-ஆம் பதிப்பை விட்டபோது அதில் புக்மார்க் வசதியே கிடையாது, நம்புவீர்களா? முகப்பில் தளங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஸ்பீட் டயல் இருக்கிறதே, அது போதும் என்றார்கள். பிறகு 2014 வாக்கில்தான் முழு வசதி திரும்பியது. அதற்குள் பழைய ஆட்கள் பாதிப் பேர் கலைந்து போனார்கள், அவர்களுக்காகத்தான் விவால்டி.

இதில் ஒவ்வொரு புக்மார்க்குக்கும் ஒரு நிக்நேம் வைக்கலாம், விவரம் எழுதலாம். "மது" என்று வைத்தால் முகவரிப் பட்டையில் அதைத் தட்டியதும் தமிழ் மின்னூல் தளமான மதுரைத் திட்டம் திறக்கும். ஸ்பீட் டயல் என்பதே இங்கே ஒரு புக்மார்க் ஃபோல்டர்தான், எனவே இறக்குமதி செய்த ஃபோல்டரை அப்படியே முகப்புப் பக்கமாக்கிவிடலாம். ஆனால் நீங்கள் யூபிளாக்குக்காக மாறினீர்கள் என்றால் ஃபயர்பாக்ஸிலேயே இருங்கள். குரோமியம் அடித்தளத்தில் பழைய எக்ஸ்டென்ஷன் முறை போனால் விவால்டியிலும் போகும். 2020 முதல் உள்ளேயே ஒரு தடுப்பான் இருக்கிறது, எனக்கு அது போதும், யூபிளாக் அளவுக்குக் கறார் இல்லை.

யாழ்வாசி

தேனிக்காரன் தம்பி, தலைப்பு போனாலும் முகவரி போயிருக்காது. அதைப் பார்த்தீங்களா?

மின்னூலகமான நூலகம் தளத்தின் பக்கங்கள், தமிழ் விக்கிப்பீடியா, இவற்றின் முகவரியிலேயே தலைப்பு தமிழில் இருக்கும். ஆனால் கோப்பில் அது தமிழாக எழுதப்படுவதில்லை, சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக நீளமாகப் போகும். ஒரு குறியீட்டுப் புள்ளிக்கு மூன்று பைட், ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்து, ஆக ஒன்பது. "தமிழ்" என்ற சின்னச் சொல்லுக்கே 45 எழுத்து. வாட்ஸ்அப்பில் விக்கிப்பீடியா இணைப்பு அனுப்பினால் அரைப் பக்கத்துக்கு வந்து சனம் திட்டுவது இதனால்தான். அந்த அலங்கோலம் முழுக்க ஆங்கில எழுத்து என்றபடியால் நோட்பேட் அதைத் தொட்டிருக்காது. அதைத் திருப்பி அவிழ்த்தால் தலைப்பு கைக்கு வந்துவிடும்.

கட்டளைவரி

அண்ணன் சொன்னது அருமை, எனக்குத் தோன்றவில்லை. பைத்தான் நிரல்மொழியில் இதற்கென்றே அன்குவோட் என்று ஒரு செயல்கூறு இருக்கிறது. கோப்பை வரி வரியாகப் படித்து, தலைப்பில் கேள்விக்குறிக் கூட்டம் இருந்தால் மட்டும் முகவரியின் கடைசித் துண்டை அவிழ்த்து, கீழ்க்கோட்டையும் இடைக்கோட்டையும் இடைவெளியாக்கித் தலைப்பில் வைத்துவிடலாம். இருபது வரிக்குள் முடியும். எழுதிப் போடுகிறேன். வெளியே எழுதும்போது குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று மறக்காமல் குறிப்பிட வேண்டும், இல்லையென்றால் விண்டோஸில் பழைய கதை திரும்பும்.

ஆனால் எல்லாத் தளத்துக்கும் இது செல்லாது. வேர்ட்பிரஸில் முகவரித் துண்டுக்கு 200 எழுத்துதான் எல்லை. அந்த 200-ஐ ஒன்பதால் வகுத்தால் 22 குறியீட்டுப் புள்ளி. எனவே நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டுத்தான் நிற்கும், இரண்டு மூன்று சொல் கிடைக்கும். அடையாளம் தெரிய அது போதும்.

பிளாக்ஸ்பாட் இதைவிட மோசம். தலைப்பு முழுத் தமிழில் இருந்தால் பிளாகர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு "பிளாக்-போஸ்ட்", அதன் பின்னால் ஒரு எண் என்று முகவரி வைத்துவிடும். வருடமும் மாதமும் மட்டும் மிஞ்சும். சித்தப்பா காலத்து வலைப்பூக்களில் பெரும்பகுதி பிளாக்ஸ்பாட்டாகத்தான் இருக்கும்.

தேனிக்காரன்

ஆமாம், முக்கால்வாசி பிளாக்ஸ்பாட்தான். அதில் நிறைய "தளம் கிடைக்கவில்லை" என்றே வருகிறது. அப்படியென்றால் அவையெல்லாம் போனது போனதுதானா?

மழைக்குருவி

அவசரப்படாதீர்கள். கடைசியில் டாட் காம் என்று இருக்கிறதா, டாட் இன் என்று இருக்கிறதா பாருங்கள். 2012-லிருந்து சில காலம் இந்தியாவில் இருந்து எந்த பிளாக்ஸ்பாட் தளத்தைத் திறந்தாலும் கூகுளே டாட் இன்-க்குத் திருப்பி அனுப்பும். அப்போது புக்மார்க் செய்ததெல்லாம் டாட் இன் முகவரியாகப் பதிந்திருக்கும். 2020-இல் அந்த டாட் இன் பெயரே கூகுளின் கையைவிட்டுப் போய்விட்டது. ஆள் எழுதியது டாட் காமில் அப்படியே இருக்கும், உங்கள் புக்மார்க் மட்டும் இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். கோப்பில் ஒரே தடவை ஃபைண்ட்-ரீப்ளேஸ் போடுங்கள், நிறைய உயிர் பெறும்.

தேனிக்காரன்

ஐயோ, ஆமாம்! இப்போதுதான் ஒன்றை மாற்றிப் பார்த்தேன், திறக்கிறது. 2013-இல் கம்பம் பள்ளத்தாக்கு பற்றி யாரோ எழுதியது, படங்கள்கூட இருக்கின்றன.

கட்டளைவரி

சரி, அப்போது ஸ்கிரிப்ட் இரண்டு கட்டமாக. முதலில் டாட் இன்-ஐ மாற்று, முகவரியில் தமிழ் இருந்தால் அவிழ்த்துத் தலைப்பாக்கு. மிச்சத்துக்கு ஒவ்வொரு பக்கத்தையும் இறக்கி அதன் தலைப்பை எடு. இரண்டாவது கட்டத்தில் ஒரு பக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு விநாடி இடைவெளி விடுங்கள், மடமடவென்று அடித்தால் தடுத்துவிடுவார்கள். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.

அப்படியும் திறக்காதவற்றை, பழைய பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடலாம். ஜியோசிட்டீஸ் என்ற பழைய இலவசத் தளச் சேவையின் முகவரிகள் இருந்தால் நேராக அங்கேதான், அது 2009 அக்டோபரிலேயே மூடியாகிவிட்டது.

சென்டர்காரர்

நான் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன், ஏழெட்டு மெஷின். அனுபவத்தில் ரெண்டு வார்த்தை சொல்கிறேன், கேள்விக்குறி விஷயம் இல்லை, பொதுவாக.

எல்லா மெஷினிலும் ஒரே புக்மார்க் பார்தான். பட்டா சிட்டா, வில்லங்கம், ஆதார், பாஸ்போர்ட், டிஎன்பிஎஸ்சி, கரன்ட் பில் என்று வரிசை. கஸ்டமர் வந்து நிற்கும்போது கூகுளில் தேடிக்கொண்டிருக்க முடியாது, தேடினால் முதலில் வருவது போலித் தளமாக இருந்தாலும் இருக்கும். ஒரு மெஷினில் சரி செய்து எச்டிஎம்எல்லாக எடுத்து பென் டிரைவில் மற்றதுக்குப் போடுவேன். சிங்க் போட மாட்டேன், பொது மெஷினில் எவனாவது அழித்தால் எல்லாவற்றிலும் அழியும்.

அப்புறம், லாகின் செய்து உள்ளே போன பிறகு வரும் பக்கத்தை புக்மார்க் செய்யாதீர்கள். பையன்கள் அதைத்தான் செய்வார்கள். அடுத்த நாள் திறந்தால் "செஷன் முடிந்துவிட்டது" என்று நிற்கும், தளம் டவுன் என்று கஸ்டமரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முகப்புப் பக்கம்தான் வைக்க வேண்டும்.

ஃபயர்பாக்ஸ் ஒரு மெஷினில் போட்டுப் பார்த்தேன், வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு தளத்தில் மட்டும் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பட்டன் வேலை செய்யவில்லை, எந்தத் தளம் என்று சொல்லி வம்பு வேண்டாம். அதனால் சென்டரில் குரோமியம் வகைதான், வீட்டில் ஃபயர்பாக்ஸ்.

நெட்டிசன்80

ஃபயர்பாக்ஸிலும் சிங்க் இருக்கிறதே, அதைப் போட்டால் பேக்கப் ஆகிவிடாதா? எதற்கு இவ்வளவு கோப்பு மோகம்?

கட்டளைவரி

சென்டர்காரர் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. சிங்க் என்பது எல்லா இடத்தையும் ஒரே மாதிரி வைப்பது. ஓரிடத்தில் அழிந்தால் அந்த அழிப்பையும் நேர்மையாக எல்லா இடத்துக்கும் கொண்டு சேர்க்கும். இன்னொன்று, ஃபயர்பாக்ஸின் சிங்க் தரவு உங்கள் கடவுச்சொல்லை வைத்து மறையாக்கம் (பூட்டு) ஆகிறது. மீட்புச் சாவி எடுத்து வைக்காமல் கடவுச்சொல்லை மறந்து ரீசெட் செய்தால் சர்வரில் உள்ளது போய்விடும். விவால்டியிலும் தனியாக ஒரு மறையாக்கக் கடவுச்சொல் உண்டு, அதைத் தொலைத்தாலும் அப்படித்தான். பாதுகாப்புக்கு நல்லது, மறதிக்காரர்களுக்கு ஆபத்து.

ஃபயர்பாக்ஸ் தானாகவே உள்ளூர் நகல் எடுத்து வைக்கிறது, பலருக்குத் தெரியாது. புரொஃபைல் ஃபோல்டருக்குள் புக்மார்க்பேக்கப்ஸ் என்று ஒன்று இருக்கும், இயல்பாகப் பதினைந்து நகல் வரை நிற்கும். அந்தக் கோப்புகள் ஜேசன்தான், ஆனால் மொசில்லாவுக்கே உரிய தலைப்பகுதி வைத்து எல்இசட்4-இல் சுருக்கியிருப்பார்கள், சாதாரண அன்சிப் கருவி திறக்காது. ஃபயர்பாக்ஸே திறக்கும். கண்ட்ரோல் ஷிஃப்ட் ஓ அழுத்தி லைப்ரரிக்குப் போய், இம்போர்ட் அண்ட் பேக்கப் பொத்தானில் ரீஸ்டோர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அதே மெனுவில் இருக்கும் இரண்டு வாசகங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரீஸ்டோர் இருப்பதை முழுக்க நீக்கிவிட்டுப் பழையதை வைக்கும். எச்டிஎம்எல் இம்போர்ட் இருப்பதோடு சேர்க்கும், இரண்டு தடவை கொடுத்தால் எல்லாமே இரட்டையாகும், ஒப்பிட்டுப் பார்க்காது.

மழைக்குருவி

டேக் போட்டு வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க. ஃபயர்பாக்ஸ் எச்டிஎம்எல்லில் டேக்குகளையும் எழுதிக் கொடுக்கும், ஆனால் குரோமில் டேக் என்ற சங்கதியே இல்லாததால் அங்கே போய் வந்தால் எல்லாம் உதிர்ந்துவிடும். ஃபயர்பாக்ஸும் யோக்கியம் இல்லை, புக்மார்க்கோடு விவரக்குறிப்பு எழுதும் வசதியை 2018-இல் எடுத்துவிட்டது. அதே வருடக் கடைசியில் ஆர்எஸ்எஸ் ஓடைகளைக் காட்டும் லைவ் புக்மார்க்கும் போனது. அப்போது ஓடைகளின் பட்டியலை ஒரு ஓபிஎம்எல் கோப்பாக டெஸ்க்டாப்பில் போட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள், அந்த நாகரிகம் எனக்குப் பிடித்தது.

யாழ்வாசி

உபுண்டு லினக்ஸ்காரர் யாராவது இருந்தால்: 21.10 முதல் ஃபயர்பாக்ஸ் இயல்பாக ஸ்நாப் வடிவில்தான் வருகிறது, அது கூண்டுக்குள் ஓடுவதால் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபோல்டர்களை அதனால் நேராகப் பார்க்க ஏலாது. குரோமின் தரவு அப்படியான இடத்தில்தான் இருக்கு. அனுமதி கேட்டால் கொடுங்கோ, அல்லது குரோமில் எச்டிஎம்எல் எடுத்து டாக்குமென்ட்ஸில் வைத்து இறக்குங்கோ. தற்காலிக ஃபோல்டரில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது.

தேனிக்காரன்

ஸ்கிரிப்ட் ஓட்டினேன். கட்டளைவரி அண்ணா, யாழ்வாசி அண்ணா, இருவருக்கும் நன்றி. விக்கிப்பீடியாவும் நூலகமும் முழுசாக வந்துவிட்டன. வேர்ட்பிரஸ் தலைப்புகள் சொன்னபடியே பாதியில் நிற்கின்றன. பிளாக்ஸ்பாட் இரவு முழுக்க ஓடி முக்கால்வாசி தேறியது.

ஒரு ஃபோல்டர் மட்டும் விசித்திரம். "பழசு" என்று ஆங்கில எழுத்தில் பெயர். அதில் தலைப்பு கேள்விக்குறி இல்லை, கோடு போட்ட ஆங்கில எழுத்துகள், ஆனால் நீங்கள் சொன்ன வட்ட ஆர் அடிக்கடி வரவில்லை. வேறு வேறு எழுத்தாக இருக்கிறது.

மழைக்குருவி

அது டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கம். யூனிகோடுக்கு முந்தைய காலத்துத் தளங்கள், 2000-ஐ ஒட்டியவை. அப்போது பிரவுசரில் யூசர் டிஃபைன்ட் என்று குறியாக்கத்தை மாற்றி டிஸ்கி எழுத்துரு வைத்துத்தான் படிப்போம். ஆன்சிக்குள் அடங்கும் எழுத்துகள் என்பதால் நோட்பேட் விட்டுவைத்திருக்கிறது, முந்திய தலைமுறைத் தமிழ் தப்பித்தது! பொங்குதமிழ் அல்லது என்எச்எம் கன்வர்ட்டரில் அந்தத் தலைப்புகளை மொத்தமாக ஒட்டி டிஸ்கி என்று தேர்ந்தெடுங்கள். வரவில்லை என்றால் டேப், டேம் இரண்டையும் முயலுங்கள், அரசு 1999-இல் அறிவித்த முறைகள் அவை.

தேனிக்காரன்

டிஸ்கிதான்! ஒட்டியதும் தமிழாகிவிட்டது. கடைசியாக ஒன்று, இதைச் சித்தப்பாவின் ஆண்ட்ராய்டு போனில் எப்படி ஏற்றுவது? அங்கே ஃபயர்பாக்ஸில் எச்டிஎம்எல் இறக்க வழியே காணோம்.

கட்டளைவரி

போனில் நேரடியாக இல்லை. கணினியில் அவருக்கென்று தனியாக ஒரு ஃபயர்பாக்ஸ் புரொஃபைல் உருவாக்கி, கோப்பை அதில் இறக்கி, எண்ணிக்கை சரியா என்று பார்த்த பிறகு சிங்க் கணக்கைத் தொடங்குங்கள். பிறகு போனில் அதே கணக்கு. உங்கள் புரொஃபைலில் செய்தால் உங்கள் புக்மார்க்கும் அவர் போனுக்குப் போகும், பார்த்துக்கொள்ளுங்கள். மீட்புச் சாவியை அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள், திருத்திய எச்டிஎம்எல்லை இரண்டு இடத்தில் வையுங்கள்.

சென்டர்காரர்

அந்த ஸ்கிரிப்டை இங்கேயே போடுங்க தம்பி, எங்க சென்டருக்கு வரும் ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவர் இதே மாதிரி கேள்விக்குறிக் கோப்போடு அலைகிறார்.